பல் துலக்க மறுக்கும் குழந்தையைப் பழக்குவது

பிரஷ் வாயருகே வந்ததும் தலையைத் திருப்பிக்கொள்ளும் குழந்தை அடம்பிடிக்கிறது என்றே சொல்லிவிட முடியாது. தொடுவுணர்வு மிகையாக இருந்தால் மெல்லிய வருடல்கூடக் கூசும், சில குழந்தைகளுக்கு வலிக்கவே செய்யும். அழுத்தமான, சீரான தொடுதலைத்தான் தாங்கிக்கொள்ள முடியும். பட்டும்படாமல் தேய்ப்பதே நாம் அன்பாகச் செய்யும் முதல் தவறு.

புதிதாக மறுக்கிறது என்றால், சொத்தையோ ஈறு வீக்கமோ இருக்கிறதா என்று முதலில் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பாதம் தரையிலோ பலகையிலோ பதியும்படி உட்காரவையுங்கள். கால் தொங்கினால் உடல் நிலைகொள்ளாது, கழுத்தும் தாடையும் இறுகும். எதிரே கண்ணாடி இருக்கட்டும். என்ன வரப்போகிறது என்று தெரிந்தால் பயம் குறையும்.

தோள், கன்னம், தாடை என உள்ளங்கையால் நிதானமாக அழுத்துங்கள். பிறகு உதட்டைச் சுற்றி. அதன்பிறகுதான் சிறிய தலையும் மென்மையான இழைகளும் உள்ள பிரஷ், பற்பசை இல்லாமல், முன்பற்களில். சத்தமாக 5 வரை எண்ணி உடனே எடுத்துவிடுங்கள். "இன்னும் ஒரே தடவை" என்று நீட்டினால் நம்பிக்கை போய்விடும், மறுநாள் வாயே திறக்காது. குழந்தை அமைதியாக ஏற்ற பிறகே 8, 10 என்று கூட்டுங்கள். நாக்கின் பின்பகுதியில் பட்டால் குமட்டும். கடைவாய்ப் பற்களுக்குக் கன்னத்தின் ஓரமாகவே செல்லுங்கள்.

பற்பசை கடைசியில்தான். நுரையும் காரமும் குறைந்த, ஃபுளோரைடு உள்ள பசை போதும்: 3 வயதுக்குள் அரிசியளவு, 3 முதல் 6 வயதுவரை பட்டாணியளவு.