‘ஒருவரிடம் மட்டும்தான் கிடைக்கும்’: ராணுவ வண்டி உதிரிபாகக் கொள்முதலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க ராணுவ லாரி ஒன்றுக்கு ஒரு பிரேக் பாகம் வேண்டும். கொள்முதல் அதிகாரி கணினியில் தேடினால் விற்பவர் என்று ஒரே ஒரு கம்பெனியின் பெயர்தான் வருகிறது. போட்டி கிடையாது; அவர்களிடமே விலை கேட்டு வாங்க வேண்டியதுதான். இதை அந்த வட்டாரத்தில் ‘சோல் சோர்ஸ்’ கொள்முதல் என்பார்கள். 1984-ல் வந்த ஒப்பந்தப் போட்டிச் சட்டம், முழுமையான திறந்த போட்டியைப் பொதுவிதியாக வைத்தது. அதற்கு விதிவிலக்குகள் ஏழு. தேவையைத் தீர்க்கக்கூடிய பொறுப்பான விற்பனையாளர் ஒருவர்தான் இருக்கிறார் என்பது அவற்றில் ஒன்று.

‘ஒருவர்தான்’ என்பதை யாரும் கேள்வி கேட்காமல் விடுவதுதான் இதில் முதல் தவறு. மற்ற தவறுகளில் பெரும்பாலானவை அதிலிருந்தே வருகின்றன. அது எப்போதோ, யாரோ, ஏதோ ஒரு காரணத்துக்காக எடுத்த முடிவு. அந்தக் காரணம் இன்றைக்கும் செல்லுமா என்று பார்க்காவிட்டால் வாங்குபவர் கூடுதல் விலை கொடுப்பார். விற்க நினைக்கும் சிறு பட்டறைக்காரரோ, நமக்கு இங்கே வேலையில்லை என்று திரும்பிப் போய்விடுவார்.

குறியீட்டைப் பாதி படிப்பது

ஒவ்வொரு பாகத்துக்கும் 13 இலக்கத் தேசிய இருப்பு எண் ஒன்று உண்டு. முதல் நான்கு இலக்கங்கள் வகையைச் சொல்லும். 2530 என்று தொடங்கினால் பிரேக், ஸ்டியரிங், அச்சு, சக்கரம், டிராக் சார்ந்த பாகம். இந்த எண்ணோடு, எப்படி வாங்கலாம் என்பதைக் காட்டும், ஒரு எண்ணும் ஒரு ஆங்கில எழுத்தும் கொண்ட குறியீடும் சேர்ந்து வரும். 1ஜி என்றால் போட்டிக்கு விடலாம், டிராயிங்குகள் முழுமையாக அரசிடம் இருக்கின்றன. 3 என்று தொடங்கினால் உண்மையில் தயாரிப்பவரிடமே நேரடியாக வாங்க வேண்டும்.

பலர் அந்த 3-ஐப் பார்த்ததுமே படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். விஷயமே அதற்கு அடுத்த எழுத்தில்தான் இருக்கிறது. 3பி (3P) என்றால் டிராயிங்கைப் பயன்படுத்தும் உரிமை அரசிடம் இல்லை. 3டி (3D) என்றால் தேவையான தொழில்நுட்பத் தரவே கையில் இல்லை. 3சி (3C) என்றால் பொறியியல் பிரிவு ஒப்புதல் கொடுத்தவர்கள் மட்டும் விற்கலாம். அதாவது ஒப்புதல் வாங்கினால் நீங்களும் விற்கலாம். மூன்றும் மூன்று வெவ்வேறு பிரச்சினைகள். உரிமை இல்லாத இடத்தில் உரிமையை விலைக்கு வாங்க முடியுமா என்று பேச வேண்டும். தரவு இல்லாத இடத்தில் பாகத்தைப் பிரித்து அளந்து வரைவது கட்டுப்படியாகுமா என்று பார்க்க வேண்டும். ஒப்புதல் சம்பந்தப்பட்ட இடத்தில் புதிய ஆளைச் சேர்க்க வழி தேட வேண்டும். மூன்றுக்கும் ‘வேறு வழியில்லை’ என்று ஒரே வரியை எழுதிக் கோப்பை மூடுவது சோம்பல்.

இன்னொன்று, குறியீடு பழசாகும். பட்டியலில் உள்ள கம்பெனி கைமாறியிருக்கலாம். அல்லது அது வெறும் வடிவமைப்பாளராக இருந்து, பாகத்தை வார்த்துக் கடைந்து கொடுப்பது வேறொரு பட்டறையாக இருக்கலாம்.

டிராயிங் மேல் இருக்கும் முத்திரையை அப்படியே நம்புவது

‘தனியுரிமைத் தரவு’ என்று டிராயிங்கில் முத்திரை இருந்தாலே அரசுக்கு உரிமை இல்லை என்று ஆகிவிடாது. பொதுவாக, முழுக்க அரசுப் பணத்தில் உருவாக்கிய பாகம் என்றால் அதன் தரவில் அரசுக்கு வரம்பற்ற உரிமை உண்டு. அரசும் கம்பெனியும் சேர்ந்து செலவு செய்திருந்தால், வேறு பேச்சு இல்லாதபட்சத்தில், முதல் 5 ஆண்டுகளுக்கு அரசு தன் தேவைக்கு மட்டும் பயன்படுத்தலாம். அதன்பின் அந்தக் கட்டுப்பாடும் விலகிவிடும். கம்பெனி சொந்தப் பணத்தில் செய்ததற்குத்தான் முத்திரை பலமாக நிற்கும். முத்திரை சரியா என்று கேட்டு எழுத ஒப்பந்த அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அதைப் பயன்படுத்தத்தான் பலருக்குத் தயக்கம்.

உரிமை கையில் இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இரண்டு வண்டிகளைப் பார்த்தால் போதும். எஃப்எம்டிவி எனப்படும் நடுத்தர லாரிகளின் டிராயிங்குகள் ராணுவத்திடம் இருந்தன. அதனால் 2009-ல் மறுபடி போட்டி வைத்து, பிஏஇ கட்டிவந்த அதே லாரியை ஆஷ்காஷ் நிறுவனத்துக்கு மாற்ற முடிந்தது. ஜேஎல்டிவி எனப்படும் இலகுரகக் கவச வண்டியிலும் இதுதான் நடந்தது. 2015-ல் ஆஷ்காஷ் வென்ற வண்டியின் அடுத்த ஒப்பந்தம் 2023 பிப்ரவரியில் ஏஎம் ஜெனரலுக்குப் போனது. முழு வண்டியையே இப்படி மாற்ற முடியும்போது, ஒரு பிரேக் பாகத்துக்கு ஒருவரைவிட்டால் கதியில்லை என்றால், முதல் ஒப்பந்தம் போட்டபோது உரிமையைப் பேசாமல் விட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுவதில் தப்பில்லை.

போன தடவை விலையே இந்தத் தடவைக்கும் ஆதாரம்

போட்டி இல்லாதபோது விலை நியாயமானதா என்று எப்படித் தெரியும்? ‘முன்பு இந்த விலைக்கு வாங்கினோம்’ என்பது மிக எளிதான பதில், மிக மோசமான பதிலும்கூட. முந்தைய விலையும் போட்டியில்லாமல் வந்ததாக இருந்தால், பழைய தப்பின் மேல் கொஞ்சம் விலைவாசி உயர்வைச் சேர்த்து எழுதுகிறோம், அவ்வளவுதான்.

பாதுகாப்புத் துறையின் தணிக்கை அதிகாரி 2019-ல் வெளியிட்ட அறிக்கை இதற்கு நல்ல சாட்சி. அது விமான பாகங்களைப் பற்றியது என்றாலும் பாடம் ஒன்றுதான். டிரான்ஸ்டைம் குழுமம் விற்ற 47 பாகங்களை எடுத்துப் பார்த்ததில் 46-ல் மிகையான லாபம். தொகை 1 கோடியே 61 லட்சம் டாலர். அதைப் பின்னர் நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. பெரும்பாலான ஒப்பந்தங்கள், செலவுக் கணக்கைச் சான்றளித்துக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற வரம்புக்குக் கீழே இருந்தன. அதனால் அதிகாரிகள் பழைய விலையோடு ஒப்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

‘சந்தையில் மற்றவர்களுக்கும் இதே விலைக்குத்தான் விற்கிறோம்’ என்று காட்டும் பில்களையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக்கூடாது. கண்ணிவெடி தாங்கும் எம்ராப் வண்டிகளின் சஸ்பென்ஷன் பாகங்களுக்கு, நடக்காத விற்பனைக்கான பில்களைக் காட்டி விலையை நியாயப்படுத்தியதாக நாவிஸ்டார் டிஃபென்ஸ் மீது அரசு குற்றம் சாட்டியது. 2021 மே மாதம் 5 கோடி டாலர் கொடுத்து அந்த நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. பொறுப்பு யாருடையது என்று தீர்ப்பு எதுவும் வரவில்லை. ஆனாலும் பில்லில் உள்ள வாடிக்கையாளரை ஒருமுறை கூப்பிட்டு, வாங்கினீர்களா என்று கேட்க ஆகும் செலவு ஒரு போன் கால்.

ஆண்டுக் கடைசி அவசரம்

செப்டம்பர் 30-ல் நிதியாண்டு முடிகிறது, பணம் காலாவதியாகும், எனவே ஒருவரிடமே வாங்குகிறோம் என்று எழுதினால் அது செல்லாது. திட்டமிடாததும், பணம் போய்விடும் என்ற பயமும் காரணமாகாது என்று விதியிலேயே இருக்கிறது.

விற்க வருபவர்கள் செய்வது

அரசுத் தளத்தில் சோல் சோர்ஸ் அறிவிப்பு வந்தால் ‘முடிவாகிவிட்டது’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அறிவிப்பின் அடியில், பொறுப்பான எவரும் விலைப்புள்ளியோ திறன் அறிக்கையோ அனுப்பலாம், அது பரிசீலிக்கப்படும் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதை நம்பி அனுப்புங்கள். ஆனால் கம்பெனியின் வண்ணப் பிரசுரத்தை அனுப்பாதீர்கள். பாக எண், டிராயிங்கின் திருத்த எழுத்து, எந்த உலோகம், வெப்பப் பதப்படுத்தலை எங்கே செய்வீர்கள், எதை வைத்து அளப்பீர்கள், இதேபோன்ற பாகத்தை முன்பு எந்த ஒப்பந்தத்தில் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். படிக்கிற பொறியாளருக்கு வேண்டியது அதுதான். கெடுவுக்குள் ஆர்வம் தெரிவிக்காதவர் பின்னால் அரசுக் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் ஆட்சேபம் போட்டாலும் பெரும்பாலும் எடுபடாது. ஆட்சேபத்துக்கான காரணம் தெரிந்ததிலிருந்து பொதுவாக 10 நாள்தான் அவகாசம் என்பதையும் மறக்க வேண்டாம்.

3சி பாகமாக இருந்தால் ஒப்புதல் விண்ணப்பத்தை டெண்டர் வந்த பிறகு தொடங்குவது வீண். அதற்கு மாதக்கணக்கில் ஆகும்; அதற்காகக் கொள்முதல் காத்திருக்காது. அடிக்கடி வாங்கப்படும் பாகமாகப் பார்த்து முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

அப்புறம், மிக ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறது, அதைச் செய்பவருக்குத் தவறு என்றே தோன்றாது. கட்டுப்பாடுள்ள டிராயிங்குகளைப் பார்க்க அமெரிக்க-கனடா கூட்டுச் சான்றிதழ் வேண்டும். அது கிடைத்ததும் சிலர், மலிவாகக் கடைந்து தருவார்களா என்று விலை கேட்க அந்த டிராயிங்கை வெளிநாட்டுப் பட்டறைக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறார்கள். பாகம் எங்கும் போகவில்லை, பணமும் கைமாறவில்லை. ஆனாலும் அனுமதியில்லாமல் அனுப்பியிருந்தால் அந்த மின்னஞ்சலே சட்டப்படி ஏற்றுமதி மீறல்தான். அமெரிக்காவுக்குள்ளேயே, குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ இல்லாத ஊழியர் ஒருவரிடம் அதைத் திறந்து காட்டுவதும் பொதுவாக ஏற்றுமதிக் கணக்கில்தான் வரும். விலை கேட்கும் முன் யாரிடம் காட்டலாம் என்று சொல்லும், டிராயிங்கில் இருக்கும் விநியோகக் கட்டுப்பாட்டு வாசகத்தைப் படியுங்கள். புரியவில்லையென்றால் அனுப்பும் முன் ஏற்றுமதிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.