சொல்லால் அவமதிக்கப்பட்டவர் புகார் கொடுக்கும்போது செய்யும் தவறுகள்

நடுத்தெருவில் பலர் பார்க்க ஏசப்பட்ட ஒருவர், காவல் நிலையப் படியேறுவதற்குள் எத்தனையோ முறை யோசித்திருப்பார். அத்தனை தயக்கத்தையும் மீறிக் கொடுத்த புகார் நிற்காமல் போனால், பல நேரங்களில் அதற்குக் காரணம் சட்டத்தில் இடமில்லாதது அன்று, புகார் எழுதப்பட்ட விதமே. திட்டுவது என்ற பெயரில் தனியொரு குற்றம் நம் சட்டத்தில் கிடையாது. எந்தச் சொல் சொல்லப்பட்டது, எங்கே, யார் முன்னிலையில், என்ன நோக்கத்தோடு சொல்லப்பட்டது என்பதைப் பொறுத்தே எந்தப் பிரிவு பொருந்தும் என்பது முடிவாகிறது. இந்த நான்கையும் மனுவில் சொல்லாமல் விடுவதிலிருந்துதான் மற்றத் தவறுகள் எல்லாம் பிறக்கின்றன.

"என்னைத் தகாத வார்த்தைகளால் திட்டினார்" என்று மட்டும் எழுதிக் கொடுப்பது மிகப் பரவலான தவறு. அந்தச் சொற்களைத் தாளில் எழுதக் கை கூசுவது இயல்பு, பெண்களுக்கு அது இன்னும் கடினம். ஆனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296(பி) பிரிவு, அதாவது 2024 ஜூலை 1-க்கு முன் நாம் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி) என்று அறிந்திருந்த பிரிவு, பொது இடத்திலோ அதற்கு அருகிலோ ஆபாசமான சொல்லைக் கூறிப் பிறருக்குத் தொல்லை தருவதைத்தான் குற்றமாக்குகிறது. வெறும் வசைச் சொல்லோ இழிவுபடுத்தும் சொல்லோ மட்டும் இருந்தால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ஒரு வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. எனவே சொன்ன சொல் என்ன என்பதே மனுவில் இல்லையென்றால், அது ஆபாசமா இல்லையா என்று நீதிமன்றம் ஆராய்வதற்கே ஒன்றும் இருக்காது. கேட்ட சொற்களைக் கேட்டபடியே மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். அவற்றை எழுதுவதால் இழிவு அவற்றைச் சொன்னவருக்கே, எழுதியவருக்கு இல்லை.

பெண்ணைக் குறிவைத்துப் பேசியதை 296(பி)யோடு நிறுத்திவிடுவது இதை ஒட்டி வரும் இன்னொரு தவறு. பெண்ணின் மாண்பை இழிவுபடுத்தும் நோக்கில் சொல்லும் சொல்லையும் காட்டும் சைகையையும் அதே சன்ஹிதாவின் 79-ஆம் பிரிவு தண்டிக்கிறது. அதற்குப் பொது இடம் என்ற நிபந்தனை இல்லை, தண்டனையும் மூன்று ஆண்டுகள் வரை செல்லும். பாலியல் சாயல் கொண்ட பேச்சுக்கு 75-ஆம் பிரிவு உண்டு. அத்தகைய பேச்சு பணியிடத்தில் நடந்திருந்தால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளகக் குழுவிடம் மூன்று மாதங்களுக்குள் எழுத்துமூலம் முறையிடலாம், பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடமானால் மாவட்டத்திலுள்ள உள்ளூர்க் குழுவிடம் போகலாம். வீட்டுக்குள் கணவரோ அவர் வீட்டாரோ பட்டப்பெயர் வைத்து அழைப்பதையும், குழந்தை இல்லை என்றும் ஆண் குழந்தை பெறவில்லை என்றும் குத்திப் பேசுவதையும், குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் பெயர் சொல்லியே வன்முறை என்கிறது. அதைக் குடும்ப விஷயம் என்று பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்திய வழக்குகளில் நடக்கும் தவறுகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நியாயம் முழுவதும் தன் பக்கம் இருந்தும் தோற்றுப் போகிறவர்கள் இங்கேதான் அதிகம் என்பது என் கருத்து. பழைய குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் ஆங்கிலச் சுருக்கத்தால் ஊர்ப்புறங்களில் இன்றும் பி.சி.ஆர். வழக்கு என்றே சொல்லப்படும் இவை, உண்மையில் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான 1989-ஆம் ஆண்டு வன்கொடுமை தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளில் பதிவாகின்றன. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை. இரண்டு பிரிவுகளுமே அந்தச் செயல் பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்கின்றன. அது பொதுச் சொத்தாக இருக்க வேண்டும் என்பதில்லை, தனியார் வீட்டு வாசலில் போவோர் வருவோர் கேட்கும்படி நடந்தாலும் போதும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. வெளியார் எவரும் இல்லாத நான்கு சுவர்களுக்குள் நடந்தது இதில் அடங்காது என்று 2020-இல் தீர்ப்பு வந்தது. திருச்சி மாவட்ட வருவாய் அலுவலகம் ஒன்றில் நடந்ததாகச் சொல்லப்பட்ட சம்பவத்தில், திட்டிய நேரத்தில் அறைக்குள் வேறு யாரும் இல்லை, உடன் பணிபுரிவோர் பிறகுதான் வந்தார்கள் என்பதால் அந்த வழக்கே 2025-இல் ரத்தானது.

இந்தத் தீர்ப்புகளில் எனக்கு வருத்தம் உண்டு. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னால் இழிவு குறைந்துவிடுமா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனாலும் மனு எழுதுகிறவர் இன்றைய சட்டத்தின்படிதான் எழுத வேண்டும். அப்போது அங்கே நின்றவர் யார், டீக்கடைக்காரரா, வழிப்போக்கரா, பக்கத்து வயல்காரரா என்று பெயரோடு குறிப்பிட வேண்டும். உறவினரும் நண்பரும் மட்டும் சாட்சியாக இருந்தால் போதாது என்று எதிர்த்தரப்பு வாதிடும். தன் சாதிச் சான்றிதழின் நகல், எதிராளி பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவர் அல்லர் என்ற விவரம், தன் சாதி அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்பது ஆகியவை முதல் மனுவிலேயே இருக்க வேண்டும். விசாரித்துவிட்டுத்தான் எப்.ஐ.ஆர். போடுவோம் என்று நிலையத்தில் சொன்னால், முதல்கட்ட விசாரணை தேவையில்லை என்று அதே வன்கொடுமை தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவு கூறுவதைப் பணிவோடு எடுத்துச் சொல்லலாம். மாற்றுத்திறனாளியை அவரது குறையைச் சொல்லிப் பொதுமக்கள் முன்னிலையில் இழிவுபடுத்துவதற்கும், மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92-ஆம் பிரிவில் இதே அளவு தண்டனை உண்டு. அந்தப் பிரிவைக் கேட்டுப் புகார் கொடுப்பவர்கள் குறைவு.

கோபத்தில் தானும் திருப்பித் திட்டுவது, நடக்காத அடியையும் கொலை மிரட்டலையும் வழக்கு வலுப்பெறும் என்று நம்பி மனுவில் சேர்ப்பது ஆகிய இரண்டும் உண்மையான புகாரைக் கெடுத்துவிடும். முதலாவது எதிர்ப்புகாருக்கு வழிவிடும், இரண்டாவது குறுக்கு விசாரணையில் உடைந்து, நடந்ததையும் நம்ப முடியாததாக்கிவிடும். செல்போனில் பதிவு இருந்தால் அதை வெட்டி ஒட்டாமல், பதிவான கருவியோடு பத்திரப்படுத்த வேண்டும், ஏனெனில் நகலைச் சாட்சியமாக ஏற்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்று கேட்கப்படும். இணையத்தில் திட்டியதற்காகத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் வழக்குப் போடச் சொல்வதும் வீண், அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-லேயே நீக்கிவிட்டது.

மனு கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பக் கூடாது, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். வம்புக்கிழுக்கும் நோக்கத்தோடு அவமதிக்கும், நியாய சன்ஹிதாவின் 352-ஆம் பிரிவுக் குற்றத்தில் நடுவரின் (மாஜிஸ்திரேட்டின்) உத்தரவின்றிப் போலீசார் புலனாய்வு செய்ய முடியாது, அவதூறுக்கு நேரடியாக நடுவர் மன்றத்தில்தான் முறையிட வேண்டும். இவற்றை அறியாமல் நிலையத்துக்கு மாதக்கணக்கில் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். போலீசாரே பதிவு செய்ய வேண்டிய குற்றத்தில் மறுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் தபாலில் மனு அனுப்பி, அது சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பாதுகாத்து, அதன் பிறகே பிரமாண வாக்குமூலத்துடன் நடுவரை அணுக வேண்டும். இடைப்படியைத் தாண்டிச் சென்றால் மனு திரும்பிவிடும்.

சமரசப் பேச்சில் நாளைக் கழிப்பவர்கள் காலக்கெடுவையும் கணக்கில் கொள்ள வேண்டும். மூன்று மாதச் சிறை வரை மட்டுமே தண்டனை உள்ள 296(பி) குற்றத்தை, நடந்து ஓராண்டுக்குள் புகார் பதிவாகாவிட்டால் நீதிமன்றம் பொதுவாக விசாரணைக்கு எடுக்காது; 79, 352 ஆகிய பிரிவுகளுக்கு அந்தக் கெடு மூன்று ஆண்டு.