மாடியில் தர்பூசணி: பழியை வெயில்மேல் போடாதீர்கள்

மொட்டை மாடியில் தர்பூசணி வளர்த்துத் தோற்றவர்களிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் "வெயில் தாங்கவில்லை" என்ற பதில்தான் வரும். தை, மாசியில் விதைத்துக் கோடையில் பறிக்கிற கொடி இது. ஆற்றுப் படுகைச் சுடுமணலிலும் காய்க்கும் பயிருக்கு வெயில் பகையாக முடியாது. மாடியில் அதைக் கெடுப்பவை செடி வளர்க்கும் பையின் அளவும், தண்ணீர் ஊற்றும் முறையும், பூக்கும் நேரத்தில் நாம் காட்டும் அலட்சியமும்தான்.

கத்தரிக்கும் தக்காளிக்கும் வாங்கிய 12 அங்குலப் பை மீதமிருக்கிறது என்பதற்காக அதிலேயே தர்பூசணி விதையை ஊன்றிவிடுகிறோம். அதில் ஏறத்தாழ 20 லிட்டர் மண்கலவைதான் கொள்ளும். ஏப்ரல் மாதத்தில் காலையில் ஊற்றிய நீர் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். 18 அங்குல அகலமும் அதே உயரமும் உள்ள பை ஒன்றுக்கு ஒரே கொடி என்பதுதான் என் கணக்கு. நனைந்த பின் அந்தப் பை 60 கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதால், தளத்தின் நடுவில் வைக்காமல் தூண், உத்திரம் உள்ள ஓரமாக, முதலிலேயே இடம் பார்த்து வைத்துவிட வேண்டும். தட்டோடு பதித்த தளத்தில் பையை நேரடியாக வைத்தால் அடிவேர் வெந்துபோகும். நான்கு செங்கல்லை அடுக்கி அதன்மேல் வைத்தால் காற்றும் புகும், வடிகால் துளைகளும் அடைபடாது. தேங்காய் நார்க்கழிவை அலசாமல் கலப்பதும் தவறு, ஏனெனில் அதிலுள்ள உப்பு இளவேரைக் கருக்கிவிடும்.

நண்பகலில் இலை துவள்வதைக் கண்டு பதறி பச்சை நிழல்வலை கட்டுபவர்கள் பலர். கடும் வெயிலில் இலை சற்றே தொங்குவது இந்தக் கொடியின் இயல்பு. மாலையில் நிமிர்ந்துவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை. மறுநாள் காலையிலும் துவண்டிருந்தால்தான் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். நிழல்வலையின் கீழ் கொடி பசுமையாகத்தான் படரும், ஆனால் பூ குறையும், இனிப்பும் குறையும்.

பூ உதிர்கிறது என்று உரத்தைக் கூட்டுவது இன்னொரு தவறு. முதலில் பூத்து உதிர்பவை ஆண் பூக்கள்தான். அப்போது தழைச்சத்து மிகுந்த உரத்தைக் கொட்டினால் கொடி இலையாகவே ஓடும். பெண் பூவை அடையாளம் காண்பது எளிது: இதழுக்குக் கீழே மெல்லிய முடி போர்த்திய கோலிக்குண்டு அளவில் ஒரு பிஞ்சு இருக்கும். அது விரிவது ஒரே ஒரு காலைப்பொழுது, மதியத்துக்குள் வாடிவிடும். மூன்றாம் மாடிக்குத் தேனீ வரும் என்று காத்திராமல், காலை ஏழு, எட்டு மணிக்குள் அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களை உரித்து, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியின் மூன்று பிரிவுகளிலும் படுமாறு மெதுவாகத் தடவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாகும். எங்குமே படாவிட்டால் இரண்டொரு நாளில் பிஞ்சு மஞ்சளாகி வெம்பிவிடும். வேப்பெண்ணெய்க் கரைசலைக் காலையில் தெளித்து, வருகிற ஒன்றிரண்டு தேனீக்களையும் விரட்ட வேண்டாம், மாலையில் தெளிக்கலாம்.

பிடித்த பிஞ்சுகள் அத்தனையையும் விட்டுவைக்க மனம் சொல்லும். பையில் வளரும் கொடிக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். பழ ஈ தோலைத் துளைத்து முட்டையிடுமுன் அந்தப் பிஞ்சைக் காகிதப் பையாலோ மெல்லிய துணியாலோ மூடிவிட வேண்டும். கொடியைப் பந்தலில் ஏற்றியிருந்தால், காய் கனக்கும் முன்பே பழைய பருத்திச் சேலைத் துண்டில் தூளி கட்டித் தாங்க வேண்டும். மாடிக் காற்று காம்பை ஒரே இரவில் முறித்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் எனக்குப் பாடம் கற்பித்தது ஒரு கல்யாணம். இரண்டு நாள் வெளியூரில் இருந்துவிட்டு வந்து, காய்ந்து கிடந்த மண்ணுக்கு ஈடுகட்டுவதாக நினைத்து, இரண்டு வாளி ஊற்றினேன். விடிந்து பார்த்தால், முற்றும் தறுவாயிலிருந்த காய் காம்பிலிருந்து அடிவரை பிளந்து, எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. வறட்சிக்குப் பின் திடீரென ஏறும் நீருக்குத் தோல் ஈடுகொடுப்பதில்லை. நீரளவு இப்படி ஏறி இறங்கினால் சுண்ணாம்புச்சத்தும் காய்க்குச் சரியாகப் போய்ச் சேராது. நுனி கறுத்து அழுகுவது பெரும்பாலும் அதனால்தான். தினமும் ஒரே அளவாக ஊற்றி, மண்மேல் சருகோ வைக்கோலோ பரப்பிவையுங்கள். பறிப்பதற்கு ஒரு வாரத்துக்கு முன், கொடி வாடாத அளவுக்கு நீரைச் சற்றே குறைத்தால் இனிப்பு கூடும்.

பறித்து வைத்துப் பழுக்கவிடலாம் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். தர்பூசணி கொடியில் மட்டுமே இனிக்கும். தட்டிப் பார்க்கும் ஓசையை நான் நம்புவதில்லை. காய்க் காம்பை ஒட்டிய பற்றுக்கம்பி (கொடி பற்றிப் படர உதவும் சுருள் இழை) பழுப்பாகிச் சுருண்டு முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். தரையில் படர்ந்த கொடியானால், காயின் அடிப்பக்கத்து வெளிர்திட்டு வெண்ணெய் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். பற்றுக்கம்பி பாதி பச்சையாக இருந்தால், கத்தியை உள்ளே வைத்துவிட்டு இன்னும் நான்கைந்து நாள் பொறுங்கள்.