பதற்றம் தணிந்த பிறகு: நற்பழக்கம் ஊன்றுவதில் ஆலோசகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதற்றத்துக்காக ஆலோசனைக்கு வருபவருக்குப் படபடப்பு ஓரளவு அடங்கியதும், அடுத்து எதைச் செய்வது என்பதில்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் புதிதாகப் பணியைத் தொடங்கும் ஆலோசகர்கள் பலர் தடுமாறுகிறார்கள். நடைப்பயிற்சி, தியானம், நேரத்தோடு தூக்கம் என்று மருந்துச் சீட்டுப் போல எழுதிக் கொடுப்பதும், அடுத்த முறை வரும்போது அவர் எதையும் செய்யவில்லை என்று தெரிந்தால் 'ஊக்கம் போதவில்லை' என்று கோப்பில் குறித்து வைப்பதும் வழக்கமாக இருக்கிறது. திட்டம் போட்ட விதத்தைத் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு.

எல்லாப் பழக்கத்தையும் பதற்றத்துக்கு மாற்று மருந்தாகவே கொடுப்பது முதல் தவறு; என் பார்வையில் மிகவும் கெடுதல் செய்வதும் அதுதான். தருமபுரியிலிருந்து சேலத்துக்குப் பேருந்தில் போகவே அஞ்சும் ஒருவருக்கு மூச்சுப் பயிற்சி கற்றுக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பேருந்து தொப்பூர் கணவாயில் இறங்கத் தொடங்கியதும் அவர் கண்களை மூடி, முன்னிருக்கைக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணுகிறார். சேலம் வந்ததும், மூச்சுப் பயிற்சிதான் தம்மைக் காப்பாற்றியது என்று நம்பிவிடுகிறார். அது இல்லாமலும் ஒன்றும் நேர்ந்திருக்காது என்பதைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அவருக்குக் கிடைப்பதே இல்லை. இத்தகைய காப்புச் செயல்களே அச்சத்தை நீட்டிக்கின்றன என்று உளவியலர் பால் சால்கோவ்ஸ்கிஸ் 1991-இல் விளக்கினார். அந்தப் பயிற்சியை மறந்துவிட்ட ஒரு நாளில் பயம் முன்னிலும் கூடுதலாக வந்து நிற்கும்.

ஆகவே, "இந்தப் பயம் இல்லையென்றால் சேலத்துக்கு எதற்காகப் போவீர்கள்?" என்று கேட்பது நல்லது. மகள் வீட்டுக்குப் போய்ப் பேரனைப் பார்ப்பேன் என்று அவர் சொன்னால், வளர்க்க வேண்டிய பழக்கம் அந்தப் பயணம்தான். மூச்சுப் பயிற்சியை அவர் விரும்பினால், பயத்தோடு முடிச்சுப் போடாமல் மாலையில் வீட்டில் செய்துகொள்ளட்டும். அளவீட்டிலும் இதே கவனம் வேண்டும். பதற்றத்தின் அளவைக் கணிக்கும் ஜிஏடி-7 வினாப்பட்டியல் கடந்த இரண்டு வார நிலையை ஏழு கேள்விகளால் கேட்டு, 0 முதல் 21 வரை மதிப்பெண் தருகிறது. அது பயனுள்ள கருவிதான். ஆனால் அந்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால், நெஞ்சு அடித்துக்கொண்டே மகள் வீட்டுக்குப் போய் வந்தவர் தோற்றுப்போனவராகத் தெரிவார்.

வந்தவரின் பிழைப்பைக் கேட்காமல் நேரம் குறித்துக் கொடுப்பது அடுத்த தவறு. பட்டுப்புழு வளர்ப்பவரிடம் தினமும் காலை ஆறு மணிக்கு நடக்கச் சொன்னால், புழு கூடு கட்டுவதற்கு முந்தைய நாட்களில், தழை வெட்டிப் போட்டே கை ஓயாத அந்த வாரத்தில், பழக்கம் அறுந்துவிடும். ஓசூர் தொழிற்சாலையில் ஷிப்ட் மாறி மாறிப் போகிறவரிடம் இரவு பத்து மணிக்குப் படுக்கச் சொல்வதும் அப்படித்தான். கடிகாரத்தைவிட, ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு புதிய பழக்கத்தைப் பிணைப்பது உறுதியானது. 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும் முறையின் வலுவை உளவியலர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எடுத்துக்காட்டினார். மருமகள் தனியாக நடைபோனால் நான்கு பேர் பேசும் ஊரில், அரை மணி நேரம் நடங்கள் என்று எழுதிக் கொடுப்பது வெறும் காகிதம். அதே பெண் பால் சொசைட்டிக்குத் தினமும் போகிறவராக இருந்தால், பாலை ஊற்றிவிட்டுக் காலிக் கேனோடு, பக்கத்து வீட்டு அக்காவையும் சேர்த்துக்கொண்டு, சுற்றுப்பாதையில் வீடு திரும்பலாம். யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இருபத்தொரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நிகழும் நிலையை எட்ட நடுமதிப்பாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறியதால் பெரிய பாதகமில்லை என்பதும் அதில் தெரிந்தது. எதையும் பிசகாமல் செய்ய வேண்டும் என்றே தவிக்கும் பதற்றக்காரருக்கு இந்தச் செய்தியை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பழக்கத் திட்டத்தால் எல்லாவற்றையும் சரிசெய்ய முயல்வதும் ஆபத்து. தைராய்டு மிகை, இதயத் துடிப்புக் கோளாறு போன்றவையும் படபடப்பாகவே தோன்றும் என்பதால் மருத்துவப் பரிசோதனை முடிந்ததா என்று கேட்க வேண்டும். வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு எழுந்தால் பழக்க அட்டவணையை ஒதுக்கி வைத்துவிட்டு, உடனே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும்; அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணையும் கொடுக்க வேண்டும்.

இறுதியாக, பழக்கத்தின் காவலராக ஆலோசகரே மாறிவிடக் கூடாது. தினமும் வாட்ஸ்அப்பில் "இன்று செய்தீர்களா?" என்று கேட்டால் அக்கறையாகத் தோன்றும், சந்திப்புகள் நின்ற மாதமே பழக்கமும் நின்றுபோகும். வாரம் ஒருமுறை என்பதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை என்று தள்ளி வைத்து, அந்த இடைவெளியில் பழக்கம் எங்கே அறுந்தது, அவரே அதை எப்படி மீட்டெடுத்தார் என்பதை மட்டும் அடுத்த சந்திப்பில் கேட்டறிந்தால் போதும்.