கைப்பிரதியைப் பதிப்பகத்துக்கு அனுப்பும் முன்

நாவலை எழுதி முடித்தவுடன் கோப்பை ஒரு மாதமாவது திறக்காமல் வைத்திருந்து, பிறகு தாளில் அச்செடுத்துப் பேனாவுடன் உட்காருங்கள். முதல் வாசிப்பில் எழுத்துப்பிழைகளைத் தொடவே வேண்டாம். நீக்கப்போகும் அத்தியாயத்துக்கு ஒற்று போட்டுக்கொண்டிருப்பது வீண்வேலை என்பதோடு, பாடுபட்டுத் திருத்திய பக்கத்தை வெட்ட மனமும் வராது. கதை உண்மையில் எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்பதை மட்டும் பாருங்கள். ஊரின் வரலாற்றையும் குடும்பத்தின் மூன்று தலைமுறைகளையும் சொல்லும் முதல் அத்தியாயத்தை எடுத்துவிட்டுப் படித்தால், பெரும்பாலும் எதுவும் குறைவதில்லை.

இரண்டாவது வாசிப்பு உரையாடலுக்கு உரியது. அதை வாய்விட்டே படிக்க வேண்டும். ஒரே பாத்திரம் ஓரிடத்தில் 'போயிட்டான்' என்றும் இன்னோரிடத்தில் 'போய்விட்டான்' என்றும் காரணமில்லாமல் பேசினால் வாசகரின் நம்பிக்கை தளர்ந்துவிடும். உறவுச் சொற்களில் இன்னும் கவனம் தேவை: 'ஆச்சி' என்பது செட்டிநாட்டில் மணமான பெண்ணை மரியாதையாக அழைக்கும் சொல், திருநெல்வேலிப் பக்கத்திலோ பாட்டி. ஒவ்வொரு பாத்திரமும் யாரை எப்படி அழைக்கிறது, எந்த வழக்கில் பேசுகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதன் படியைக் கைப்பிரதியோடும் இணைத்துவிட்டால், பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர் வட்டார வழக்கைப் பிழையென்று கருதித் திருத்திவிடும் ஆபத்து குறையும்.

ஒற்றும் எழுத்தும் கடைசியில்தான். வாணி, நாவி போன்ற கணினிப் பிழைதிருத்திகள் பெரிதும் உதவும். ஆனால் 'அரைக்குள் நுழைந்தாள்' என்று எழுதியிருந்தால், 'அரை' சரியான சொல்லாகவே இருப்பதால் பிழை தப்பிவிடக்கூடும். ரகர றகரங்களையும் லகர ளகர ழகரங்களையும் மனிதக் கண்தான் பார்த்தாக வேண்டும்.

கோப்பு யூனிகோடு எழுத்துருவில் இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியிருந்தால், மேற்கோள் குறிகளும் 'ஸ்ரீ' போன்ற எழுத்துகளும் சிதைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வேர்டு கோப்போடு பிடிஎஃப் ஒன்றும், முடிவை மறைக்காத ஒரு பக்கக் கதைச்சுருக்கமும், மொத்தச் சொற்களின் எண்ணிக்கையும், பகுதிகள் ஏதேனும் இதழில் வெளிவந்திருந்தால் அந்த விவரமும் போதும். உங்கள் எழுத்தை நீங்களே புகழும் கடிதம் வேண்டாம். சென்னைப் புத்தகக் காட்சி வழக்கமாக ஜனவரியையொட்டி நடப்பதால், அதற்கு முந்தைய சில மாதங்களில் பதிப்பகங்கள் அச்சு வேலையில் மூழ்கியிருக்கும். காட்சி முடிந்தபின் அனுப்புவதே உசிதம்.

ஏற்றுக்கொண்டால் ஒப்பந்தத்தை எழுத்தில் கேளுங்கள். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றம் கையெழுத்திட்ட எழுத்து வடிவில் இருந்தாக வேண்டும். கால அளவு குறிக்கப்படாவிட்டால் அது 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிக்கப்படாவிட்டால் அது இந்தியா முழுவதும் என்றும் கொள்ளப்படும். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகள் யாரிடம் இருக்கும் என்பதைத் தனித்தனி வரிகளில் எழுதச் சொல்லி, அதன் பிறகு கையெழுத்திடுங்கள்.