வேண்டாத வெண்டிங் மெஷினை வெளியேற்றுவது எப்படி? (தமிழ்நாடு-கேரள எல்லையில் செங்கோட்டை, புளியரை, புனலூர் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு)

கடை ஓரத்திலோ ஹாஸ்டல் வராந்தாவிலோ சும்மா நின்று கரண்டைத் தின்னும் ஸ்நாக்ஸ் மெஷினைப் பற்றியது இது. கண்ணாடிக் கதவும் உள்ளே சுருள் கம்பிகளும் அடியில் கம்ப்ரசரும் கொண்ட ஆள் உயர ரகம். மேஜை மேல் வைக்கும் டீ மெஷின் என்றால் பாய்லர் தண்ணீரை வடித்துவிட்டு இரண்டு பேர் தூக்கிவிடலாம்.

எடுத்த எடுப்பில் பிளக்கைப் பிடுங்காதீர்கள். ஓடுகிற மெஷினுக்கு மெஷின் விலை, ஓடாததற்கு இரும்பு விலை.

1. யாருடையது?

உங்கள் இடத்தில் நிற்பதால் மட்டும் மெஷின் உங்களுடையது ஆகிவிடாது. பில் இருக்கிறதா, கம்பெனி டெபாசிட் வாங்கிக்கொண்டு வைத்ததா என்று பாருங்கள். கம்பெனியுடையது என்றால், இந்தத் தேதிக்குள் எடுத்துச் செல்லவும் என்று எழுத்தில் கேளுங்கள். ஃபோனில் சொன்னது கணக்கில் வராது. பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டதால், பெறுபவர் கையெழுத்து வாங்கும் வசதியைச் சேர்த்து அனுப்புங்கள். எடுக்க வந்தால், சீரியல் நம்பர் எழுதிய ரசீதில் கையெழுத்து வாங்காமல் விடவேண்டாம்.

2. ஓடும்போதே வீடியோ

சீரியல் தகடு, குளிர் காட்டும் டிஸ்ப்ளே, பணம் போடுவது, சுருள் சுற்றிப் பாக்கெட் விழுவது, இத்தனையும் வெட்டாமல் ஒரே வீடியோவில் வரவேண்டும். மெஷினை வாங்கி ஓட்டும், கேள்வி கேட்கத் தெரிந்த ஆபரேட்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.

3. கியூஆர், சிம்

பலர் மறப்பது இது. மெஷினில் உள்ள யுபிஐ கியூஆர் உங்கள் கணக்கோடு கட்டியது. அப்படியே விற்றால் அடுத்த ஊரில் பாக்கெட் விழாதவர் கட்டிய பணமும் உங்கள் கணக்குக்குத்தான் வரும், புகாரும் கூடவே வரும். கியூஆரை முடக்கி, ஸ்டிக்கரைச் சுரண்டி, உள்ளே இருக்கும் டேட்டா சிம்மைக் கழற்றிவிடுங்கள்.

4. கால்கள்

மெஷினை நகர்த்துவதற்கு முந்தின நாள் அணைத்து, கதவைத் திறந்து வையுங்கள். ஐஸ் உருகி அடியில் உள்ள தட்டில் இறங்கும். அதை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுக்காவிட்டால், சாய்க்கும்போது தண்ணீர் வயரிங் மேல் போகும். பிறகு பாக்கெட் அடுக்கும் ட்ரேக்களைக் கழற்றுங்கள். முன்விளிம்பைத் தூக்கி இழுத்தால் வரும், ஆனால் பின்னால் உள்ள கனெக்டரை முதலில் பிடுங்கவேண்டும். எந்த ட்ரே எந்த வரிசை என்று டேப்பில் எழுதி ஒட்டுங்கள்.

காலியாக இருந்தாலும் இந்த ரகம் 250, 300 கிலோ வரும். நான்கு பேர் தள்ளியும் அசையவில்லை என்றால், பாரம் காரணமாக இருக்காது. மட்டம் பார்க்கத் திருகி இறக்கிய கால் போல்ட்டுகள் தரையில் ஊன்றியிருக்கும். அப்படியே தள்ளினால் போல்ட் வளையும், டைல்ஸ் பெயரும், வளைந்த போல்ட் மேலே ஏறவும் மறுக்கும். கடப்பாரையால் ஒரு மூலையை ஓர் அங்குலம் நெம்பி, கட்டை கொடுத்து, ஸ்பேனரால் போல்ட்டை முழுக்க ஏற்றுங்கள். ஒவ்வொரு மூலையாக, பொறுமையாக. கடப்பாரை முனை தகட்டில் படாமல் சட்டத்தில் படவேண்டும். அதன்பின் ஹேண்ட் பேலட் டிராலி கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் அடியில் கொடுத்து உருட்ட ஓரங்குல ஜிஐ பைப் மூன்று போதும். சாக்கை விரித்து இழுக்கும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை, பாரம் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடும்.

5. வண்டியும் மலைப்பாதையும்

குட்டி யானை பாரத்தைத் தாங்கும். ஆனால் ஆறடி மெஷின் அதில் தலைகனமாக நிற்கும், புளியரை எஸ் வளைவில் பக்கவாட்டில் சாயப் பார்க்கும். மெஷினின் முதுகு கேபினைப் பார்க்கட்டும். இரண்டு உயரத்தில் ராட்செட் பெல்ட் போட்டு இரு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். நைலான் கயிறு வேண்டாம், அது இழுபட்டுத் தொய்யும். படுக்க வைத்துக் கொண்டுபோனால் கம்ப்ரசர் ஆயில் குழாய்க்குள் ஏறும். இறக்கியபின் ஒருநாள் நிமிர்த்தி வைத்துவிட்டே ஆன் செய்யவேண்டும்.

மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் மாநிலம் கடக்க இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் சீட்டு) வேண்டும். கேரளத்தில் இறக்குவதற்கு அங்குள்ள சுமட்டுத் தொழிலாளர்களிடம் (சுமை தூக்குபவர்கள்) கூலியை முன்கூட்டியே பேசி ரசீது வாங்குங்கள். வேலை செய்யாமல் நின்று பார்த்ததற்குக் கேட்கும் நோக்குகூலி 2018 மே 1 முதல் தடை.

6. வாங்க ஆளே இல்லையென்றால்

இரும்புக்கடையில், எல்லைக்கு அப்பால் ஆக்ரிக்கடையில், கேஸ் கட்டர் வைக்கும் முன் கம்ப்ரசர் தகட்டைப் படியுங்கள். R290 என்றிருந்தால் உள்ளே உள்ள குளிரூட்டும் கேஸ் புரொபேன், பற்றிக்கொள்ளும். R134a என்றால் தீப்பிடிக்காது, ஆனால் ஒரு கிலோ வெளியேறினால் 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு வெப்பத்தைக் கூட்டும். கேஸை மீட்டெடுக்கும் கருவி உள்ள ஏசி மெக்கானிக்கை வைத்து எடுக்கச் சொல்லுங்கள். போர்டு, மோட்டார், டிஸ்ப்ளேயைப் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகள் அதைத்தான் சொல்கின்றன.

பின்னர் சேர்த்தது: சாவி தொலைந்துவிட்டால்

மெஷின் உங்களுடையது என்று பில் இருந்தால் மட்டும் செய்யுங்கள். வட்டச் சாவித் துளையின் நடுவில் 10 மி.மீ. பிட்டால், டிரில்லை மெதுவாக ஓட்டித் துளையிட்டால் கைப்பிடி வெளியே துள்ளும். உடனே கதவை இழுக்காதீர்கள். பல மெஷின்களில் கைப்பிடிக்குப் பின்னால் நீளமான ஸ்க்ரூ இருக்கும். இடப்பக்கமாகப் பல சுற்று சுற்றி அதை முழுக்கக் கழற்றினால்தான் கதவு விடும். பாதியில் இழுத்தால் சட்டம் வளைந்து, கதவு மறுபடி சரியாக மூடாது.