மாரிக் குளிரில் மட்டக்களப்பு வாவியைத் தோணியில் கடப்பவர்களுக்கு

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. ஆழமோ பல இடங்களில் ஆள் உயரம்கூட இல்லை. ஆழமற்ற நீரில் எழும் அலை உயரம் குறைந்ததாயினும் செங்குத்தாக, இடைவெளியின்றி வருவதால், தாழ்ந்த விளிம்புடைய தோணிக்குள் தண்ணீர் ஏற வெகுநேரம் ஆகாது. எனவே மாரியில் பயணத்தைத் தீர்மானிக்கும்போது மழையைவிடக் காற்றையே முதலில் கவனிக்க வேண்டும்.

வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும்போது வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரைத் துறைகளில் நீர் சாதுவாகவே தெரியும்; கரையும் தென்னைகளும் காற்றை மறைத்து நிற்பதே காரணம். மேற்குப் பக்கமான படுவான்கரைக்குப் போகும்போது காற்று முதுகில் நின்று தள்ளிவிடும். ஆனால் மாலையில் திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். கை களைத்து, உடை நனைந்து, வெளிச்சமும் குறைந்திருக்கும். ஆகவே போகலாமா என்று கேட்பதற்கு முன், எதிர்காற்றில் திரும்பி வர முடியுமா என்று கணக்கிடுங்கள். சந்தேகமிருந்தால், வெள்ளம் வீதியை மூடாதவரை, பட்டிருப்புப் பாலத்தாலோ 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தாலோ சுற்றிப் போவது நல்லது. குருமண்வெளி–மண்டூர் போன்ற இடங்களில் ஓடும் பாதையில் (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடத்தும் மிதவையில்) ஏறுபவர்கள் மோட்டார் சைக்கிளின் மேல் அமர்ந்தபடி கடக்கக் கூடாது.

நம் நாட்டில் குளிர் ஆளைக் கொல்லாது என்ற எண்ணம் பரவலாக உண்டு. 2022 டிசம்பரில், மாண்டஸ் புயலின்போது, வடக்கிலும் கிழக்கிலும் பெருந்தொகையான மாடுகளும் ஆடுகளும் குளிரால் இறந்ததை மறக்க வேண்டாம். நனைந்த துணியின்மேல் காற்று படும்போது உடல் வெகுவிரைவில் சூட்டை இழக்கும். பருத்திச் சட்டையும் சாரமும் நீரைப் பிடித்து வைப்பவை. மெல்லிய செயற்கை இழைச் சட்டைக்கு மேல் மழையங்கியும், அதற்கும் மேலே உயிர்காப்பு அங்கியும் அணிவதே சரியான ஒழுங்கு. உயிர்காப்பு அங்கி நெஞ்சுச் சூட்டையும் காக்கும். மாற்றுடை ஒன்றையும் கைத்தொலைபேசியையும் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, ஒரு போத்தலில் இஞ்சிப் பிளேன்டீயும் எடுத்துச் செல்லுங்கள். சாராயம் வேண்டாம், அது தோலுக்கு இரத்தத்தைப் பாய்ச்சிச் சூடு ஏறியதுபோலக் காட்டி, உள்ளிருக்கும் சூட்டை வெளியேற்றிவிடும்.

நீரில் செல்லும்போது அலைக்குத் தோணியின் பக்கத்தைக் காட்டாமல், அணியத்தை (முன்பக்கத்தை) சற்றுச் சாய்வாக அலைக்கு எதிரே வைத்துச் செலுத்த வேண்டும். பாரத்தை நடுவில் தாழ வையுங்கள். எவரும் எழுந்து நிற்கக் கூடாது. உள்ளே தேங்கும் மழைநீர் அற்பமாகத் தோன்றினாலும், தோணி சாயும் பக்கமெல்லாம் ஓடிச் சாய்வை மிகுதியாக்கும் என்பதால், ஒருவர் அதை இடைவிடாது இறைத்துக்கொண்டேயிருக்க வேண்டும். வெள்ளத்தோடு மிதந்து வரும் ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) கூட்டத்துக்குள் இயந்திரத்தை ஓட்டாதீர்கள்; சிக்கினால் இயந்திரத்தை நிறுத்தித் தூக்கிவிட்டே துப்புரவு செய்யுங்கள். வெள்ளநீர் கடலுக்குப் பாய முகத்துவாரத்தின் மணல்திட்டு வெட்டப்பட்ட நாட்களில் பாலமீன்மடுப் பக்கம் நீர் கடலை நோக்கிப் பலமாக இழுக்கும். அங்கே சிறு தோணிக்கு வேலையில்லை. இடி கேட்டால் அருகிலுள்ள கரையில் ஒதுங்குங்கள், அது நீங்கள் போகவேண்டிய கரையாக இல்லாவிட்டாலும்.

தோணி கவிழ்ந்தால் அதை விட்டு நீந்தக் கூடாது. மரத்தோணி நீர் நிறைந்தாலும் பெரும்பாலும் மிதக்கும். கவிழ்ந்த தோணி தேடி வருபவர்களின் கண்ணுக்கும் எளிதில் படும். குளிரில் கொடுகுபவரைக் காற்று படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈரத்தைக் களைந்து, உலர்ந்த துணியால் போர்த்தி, விழுங்க முடிந்தால் இனிப்பான சூட்டுப் பானம் கொடுங்கள். கைகால்களைத் தேய்க்க வேண்டாம். நடுக்கம் நின்று பேச்சுக் குழறத் தொடங்கினால் அது தேறிய அடையாளமல்ல, ஆபத்து முற்றிய அடையாளம். உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

கரை சேர்ந்தபின் தோணியை உயரத்தில் ஏற்றிக் கவிழ்த்து, நீளமான கயிற்றால் மரத்தோடு கட்டுங்கள். வாவிக்கு நீர் வந்து சேரும் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் இரவில் திறக்கப்பட்டால், விடியுமுன் நீர் ஏறி அதைக் கொண்டுபோய்விடலாம்.